மணப்பாடும் மனப்பாடமும்

(மணப்பாட்டில் மீனவத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசவேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்ட விஷயம் "சர்க்கார் பள்ளியில் கணக்கும் கம்ப்யூட்டரும்" என்பதாகும். தலைவர் அவர்கள் நம்மை அறிமுகப்படுத்தும்போது நாம் கணிதம் அறிந்தவர் என்பதாகச் சொன்னார். அது அவருடைய அன்பே ஒழிய உண்மையல்ல. நாம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பிறகு கற்றதெல்லாம் வாசகசாலையிலும், தெருவிலும், கூட்டங்களில் கேள்வி கேட்டவர்களிடத்திலும் கற்றதேயாகும். ஆகையால் பண்டிதர் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் கணக்குத் தெரியாததால் வரும் கேடு என்ன என்பது நமக்கு நன்றாகத் தெரியும். நம் தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் "பத்துப் பைசா வட்டி"க்கு வாங்கினார். பத்துப் பைசாதானே என்று எண்ணிவிட்டார். ரூபாய்க்கு மாதம் பத்துப் பைசா என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, வருஷத்துக்கு நூற்றிருபது என்பது அவருக்குப் புரியவில்லை. கட்டாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தால் ஆயிரம் ரூபாய் ஒரு வருஷத்தில் 3,138 ரூபாய் ஆகும். இரண்டாவது வருஷ முடிவில் 9,849 ரூபாய் ஆகும். கடன் கொடுத்தவரின் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்ததே எங்கள் வீட்டுக்கு வேதமாக இருந்தது. அந்த வேதத்தை வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அந்தக் கடனுக்காகத்தான் நாம் பள்ளியை விட்டு உப்பு வாரப் போனோம். போகிறபோது ஒரு உபாத்தியாயர், "போகட்டும், உப்பளத்துப் பிள்ளைக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது?" என்றார். அவர் பேரும் பள்ளியின் பேரும் வேண்டாம். அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல.

அதிக வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வந்தது நல்லதே. ஆனால் தன்னிடம் வாங்கப்படுவது அதிக வட்டி என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?

கணக்கு யாருடைய சொத்து?

தோழர்களே! "கணக்கு நம் ஜனங்களுக்கு வராது" என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் கிராமங்களில் நிலக் கணக்கைக் கையில் வைத்திருந்தவன் கர்ணம். அந்த உத்தியோகம் தகப்பனுக்குப் பின் மகனுக்கு என்று பரம்பரையாக வந்தது. யார் நிலம் எவ்வளவு, யார் கட்டவேண்டிய தீர்வை எவ்வளவு என்பது அவன் சுவடியில் இருந்தது. உழுதவனுக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு. அந்தக் கிராம உத்தியோகம் தமிழ்நாட்டில் 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது. சுயராஜ்யம் வந்து 33 வருஷங்களுக்குப் பிறகு!

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1953-இல் சென்னை மாகாணத்தில் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. அதன்படி பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பது, மீதி நேரம் வீட்டில் தகப்பனார் தொழிலைப் பழகுவது. வண்ணான் பிள்ளை வெளுக்க வேண்டும், மீனவன் பிள்ளை வலை இழுக்க வேண்டும், கணக்கன் பிள்ளை கணக்கெழுத வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் மந்திரிசபை அதை எடுத்துவிட்டது. சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், சரி. நம் மனதிலிருந்து எடுத்தோமா என்பதுதான் இன்றையக் கேள்வி.

கடல்கட்டியின் பங்கு

இந்தக் கடற்கரைக்கும் கணக்குக்கும் உள்ள சம்பந்தத்தை இனிப் பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்கிற வெனிஸ் நகரத்து வியாபாரி இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதி வைத்தார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு யாருக்கு என்றால், மந்திரம் போட்டுச் சுறாமீன்களைக் கட்டுகிறவர்களுக்கு! அவர்களை அவர் "அப்ராயமன்" என்று குறிக்கிறார். அது பிராமணன் என்கிற சொல்லே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பகலில் போட்ட மந்திரத்தை இரவில் அவிழ்த்து விடுவார்களாம். ஏனென்றால் இரவில் வேறு யாரும் திருட்டுத்தனமாக முங்கி முத்தெடுக்கக் கூடாது!

மந்திரக்காரன் ஒரு ஜாதிக்கு மாத்திரம் சொந்தமல்ல, மதத்துக்கும் சொந்தமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த டென்னண்ட் என்கிற வெள்ளைக்காரர் "கடல்கட்டி"யைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போதிருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். டென்னண்ட் போன சமயம் அந்த ஆளுக்கு உடம்புக்குச் சரியில்லை. பதிலுக்கு ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவரை மந்திரத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் நான் அவருடைய பிரதிநிதி என்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும்" என்ற கருத்தில் பதில் சொன்னாராம். கடலுக்குள்ளே சுறாமீனுக்கு யார் யாருக்குப் பிரதிநிதி என்பது தெரிகிறது! கரையில் இருக்கிற மனிதனுக்கு மாத்திரம் தான் ஏமாற்றப்படுவது தெரியவில்லை.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்றால், முங்கியவர்கள் அன்றே ஒரு காரியம் செய்திருக்கலாம். மந்திரம் போட்ட நாளில் எத்தனை பேரைச் சுறா கடித்தது, போடாத நாளில் எத்தனை பேரைக் கடித்தது என்று இரண்டு பத்தி எழுதி எண்ணிப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான். இருபதில் ஒரு பங்கு மிச்சமாகியிருக்கும். எண்ணிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவனிடத்தில்தான் மந்திரம் விலை போகும்.

செவ்வும் சல்லடையும்

முத்து வியாபாரியோ மந்திரத்தை நம்பிக் கொண்டிருக்கவில்லை. அவனிடம் பத்துப் பித்தளைச் சல்லடைப் பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டிக்கு 20 துளை, கடைசிப் பெட்டிக்கு 1000 துளை. முத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து அளவுவாரியாகப் பிரித்தான். பிறகு உருவம், நிறம் பார்த்துத் தரம் பிரித்தான். நல்ல முத்துக்கு மஞ்சாடி, கழஞ்சு என்று எடை பார்த்து, அந்த எடையை வர்க்கம் செய்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்துச் "செவ்வு" என்று ஒரு கணக்குப் போட்டான். அதன்படி ஒரு முத்து இன்னொரு முத்தைவிட இரண்டு மடங்கு எடை இருந்தால் மதிப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

மூச்சைப் பிடித்துக் கொண்டு கடலின் அடிக்குப் போனவனுக்கு இந்தச் செவ்வு தெரியாது. கரையில் நிழலில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். லாபம் யாருக்குப் போயிற்று என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. ஆனால் கணக்குத் தெரிந்தவன் கரையிலும், தெரியாதவன் கடலிலும் என்கிற ஏற்பாடு மாத்திரம் நிற்கவில்லை.

மனப்பாடம்

உங்கள் ஊருக்கு 1542-இல் சவேரியார் வந்தார். கையில் மணியை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் மனப்பாடமாக ஒப்பிக்கச் செய்தார் என்பதை அவருடைய கடிதங்களிலேயே காணலாம். 1578-இல் தமிழெழுத்தில் அச்சான முதல் புத்தகமும் இந்தக் கரையில் உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் செய்ததுதான், கொல்லத்தில் அச்சாயிற்று. எழுத்தைத் தொட்டால் பாவம் என்று நாட்டின் மற்றப் பக்கத்தில் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில் உங்கள் முன்னோர்களுக்கு அச்செழுத்து வந்தது. அந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் வந்த எழுத்து கேள்வி கேட்பதற்காக வரவில்லை, ஒப்பிப்பதற்காக வந்தது. மனப்பாடம் மணப்பாட்டுக்கு மாத்திரமல்ல, நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கும் அதுவே முறை. எண்சுவடி வாய்ப்பாடத்தைத் தப்பினால் பிரம்பு. இன்றைக்குப் பத்தாம் வகுப்பிலும் முக்கால்வாசி அதே கதைதான். கணக்கைக்கூடப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள்! கேள்வியில் ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் விழிக்கிறார்கள்.

சிலர், "கணக்கு தெய்வ வரப்பிரசாதம், ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள்" என்பார்கள். அவரே அப்படி நம்பினார் என்பதும் மெய்தான். ஆனால் நாமக்கல்லுக்கு எத்தனை லட்சம் பேர் போய்க் கும்பிட்டார்கள்? அத்தனை பேரிலும் ஒருவருக்குத்தானா கனவு வரவேண்டும்? அவர் கையில் காருடைய கணிதப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு சிலேட்டு இருந்தது. அழித்து அழித்து எழுதினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு எழுதினார். அந்தப் புத்தகமும் சிலேட்டும் உபாத்தியாயரும் கிடைக்காமல் உப்பளத்திலும் கட்டுமரத்திலும் எத்தனை ராமானுஜன்கள் போய்விட்டார்கள் என்று யாராவது கணக்கெடுத்தது உண்டா?

கம்ப்யூட்டர் என்பது என்ன?

கம்ப்யூட்டர் என்றால் ஏதோ மாயப் பெட்டி என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டு வைத்து மாலையும் போடுகிறார்கள். அதற்கு மந்திரமும் தெரியாது, புத்தியும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யும். ஒன்று, பூஜ்யம் என்கிற இரண்டே குறிகளில் எல்லாவற்றையும் வைத்துக் கொள்ளும்.

இது இவ்வூர்த் தாய்மார்களுக்குப் புதிதல்ல. மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டிகள் பேர் போனவை. ஓலை பின்னுகிறபோது என்ன செய்கிறீர்கள்? ஓர் ஓலை மேலே, ஓர் ஓலை கீழே. மேல் என்றால் ஒன்று, கீழ் என்றால் பூஜ்யம். எந்த இடத்தில் மேல், எந்த இடத்தில் கீழ் என்கிற வரிசைதான் பூவாகவும் கட்டமாகவும் தெரிகிறது. இதே வரிசையை அட்டையில் துளையாக வெட்டித் தறியை ஓட்டியவர் பிரான்சு தேசத்து ஜக்கார்டு, 1804-இல். அந்தத் துளை அட்டையைக் கண்டுதான் இங்கிலாந்தில் பாபேஜ் கணக்குப் போடும் எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அந்த எந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்குப் போடவேண்டும் என்று 1843-இல் எழுதி வெளியிட்டவர் அடா என்கிற ஒரு பெண். ஆகவே ஓலை பின்னுகிற கைக்குக் கம்ப்யூட்டர் வராது என்று யாராவது சொன்னால் அவருக்கு இரண்டும் தெரியாது என்று அர்த்தம்.

நம் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறோம். நம் மகள் பத்தாம் வகுப்புத் தேறியதும் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு, கணினி அறிவியல் உள்ள பிரிவைக் கேட்டுப் போனோம். "அது கஷ்டம், பெண்பிள்ளைக்கு லேசான பிரிவு போதும்" என்றார்கள். நம் தகப்பனார் காலத்து உபாத்தியாயர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். நாம் வாசற்படியை விட்டு நகரவில்லை. கடைசியில் இடம் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அவள், "அப்பா, ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக் கொள்ளுங்கள். பத்தே கேள்வியில் சொல்லி விடுகிறேன்" என்றாள். "ஐந்நூறுக்கு மேலா?" என்றாள். இல்லை என்றோம். "இருநூற்றைம்பதுக்கு மேலா?" என்றாள். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக் கொண்டே வந்து பத்தாவது கேள்வியில் சொல்லிவிட்டாள். கைரேகை ஜோசியன் செய்திருந்தால் காணிக்கை கேட்டிருப்பான். அவளோ ரகசியத்தையும் சொல்லிக் கொடுத்தாள்: இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1,024; அது ஆயிரத்துக்கு மேல்; ஆகவே பத்துக் கேள்வி போதும். தோழர்களே! மந்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மந்திரக்காரன் ரகசியத்தைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும். விஞ்ஞானி ரகசியத்தைச் சொன்னால்தான் விஞ்ஞானம் வளரும்.

பக்கத்து ஊர் ராக்கெட்

இப்போது உங்கள் பக்கத்து ஊர் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஏன் இங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே அனுப்பினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டாது. இங்கிருந்து நேரே தெற்கே கடல்மேல் போகலாம். இது பூகோளமும் கணக்கும் சேர்ந்து சொன்ன முடிவு, வாஸ்து சொன்னதல்ல.

அந்தச் சின்ன ராக்கெட் முதல் தடவை 2022 ஆகஸ்டு 7-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிற்று. அதில் ஆசாதிசாட் என்கிற சின்னக் கோளும் இருந்தது. இந்தியாவெங்கும் 75 பள்ளிகளிலிருந்து 750 பெண்பிள்ளைகள் சேர்ந்து செய்த பாகங்கள் அதில் இருந்தன. எல்லாம் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள். ஆனால் இரண்டாவது அடுக்குப் பிரிகிறபோது ஒரு கண நேரம் அதிர்வு அதிகமாயிற்று. அளவுக் கருவிகள் திணறின. உடனே கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்த விதி, "கருவிகள் எல்லாம் கெட்டுவிட்டன" என்று முடிவு கட்டி வேறு வழிக்குத் திருப்பிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள்கள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டருக்குத் தாழ்கிற பாதையில் விடப்பட்டு வீணாயின.

விண்வெளி ஸ்தாபனத்துத் தலைவர்கள் ராக்கெட் பொம்மையைத் திருப்பதிக்கு எடுத்துப் போவதைப் பத்திரிகைகளில் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஆனால் ராக்கெட் தவறினபோது அவர்கள் பரிகாரம் தேடவில்லை. கணக்கைத் தேடினார்கள், விதியைத் திருத்தினார்கள். நாம் சொல்லுவது தலைவிதியையல்ல, எழுதின விதியை! பெண்பிள்ளைகளும் மறுபடி ஒரு கோள் செய்தார்கள். 2023 பிப்ரவரி 10-ந் தேதி அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. தலைவிதியைத் திருத்த முடியாது என்கிறான் புரோகிதன். எழுதினவன் மனிதனானால் எந்த விதியையும் திருத்தலாம் என்கிறது கம்ப்யூட்டர் பாடம்.

நாம் உங்களைக் கேட்பது ஒன்றுதான். அந்த ஏவுதளத்தின் கதவுக்கு உள்ளே கம்ப்யூட்டர் முன் உட்காரப் போகிறது யார்? கதவுக்கு வெளியே தடியோடு நிற்கப் போகிறது யார்? நிலமும் கடலும் இந்தப் பக்கத்தாருடையது. உத்தியோகம் வெளியூரானுடையது என்றால் அது பழைய செவ்வுக் கணக்குத்தானே!

செய்ய வேண்டியது

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2011-இல் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் பள்ளிகளில் கணினிக் கூடங்கள் வைத்தார்கள். 2018-லும் 2019-லும் பாடப் புத்தகங்களைப் புதுப்பித்துப் பதினொன்றில் சி ப்ளஸ் ப்ளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று தமிழிலேயே கொடுத்தார்கள். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு எஞ்சினீயரிங் முதலிய படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் 2021-இல் ஒதுக்கினார்கள். எல்லாம் சரி. ஆனால் பெட்டி பாடம் சொல்லாது, உபாத்தியாயர்தான் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணினிக்கென்று தனிப் பாடம் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 2005-லேயே அதைப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சேர்த்துவிட்டார்கள். இங்கே கம்ப்யூட்டர் தெரிந்த உபாத்தியாயர் கிடைத்தாலும், அவரை ஆபீஸ் விவரங்களைப் பதிவு செய்கிற குமாஸ்தாவாக்கி விடுகிற இடங்கள் எத்தனை!

ஆகையால் முதலாவது, கல்வி உரிமைச் சட்டப்படி (2009) பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சர்க்கார் பள்ளியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்கள் அங்கே போய், "கணக்கு வாத்தியார் இடம் காலியா? கணினிக் கூடம் வாரத்தில் எத்தனை மணி திறக்கிறது?" என்று கேளுங்கள். கோவில் கமிட்டியில் கேட்கிற கேள்வியில் பாதி இங்கே கேட்டால் போதும்.

இரண்டாவது, கணக்கைக் கடலிலிருந்து சொல்லிக் கொடுங்கள். தகப்பனார் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அட்சரேகையில் ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் என்று பையனுக்குச் சொன்னால் அவன் கோணத்தை மறப்பானா? மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், தரகு கழித்துப் படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைக் கரும்பலகையில் போட்டால் பின்னமும் விகிதமும் தாமே வரும். சந்தையில் மீன் விற்கிற தாய்மார் மனக்கணக்கில் வாத்தியாரையே தோற்கடிப்பார்கள். அதை எழுத்தில் கொண்டு வருவதுதான் பள்ளியின் வேலை.

மூன்றாவது, பெண்பிள்ளையை "லேசான பிரிவு"க்கு அனுப்பாதீர்கள். கஷ்டம் என்று சொல்லுகிறவரை, "யாருக்குக் கஷ்டம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எழுநூறு வருஷத்துக்கு முன் இந்தக் கடலில் முங்கியவன் இருபதில் ஒரு பங்கைச் சுறா மந்திரத்துக்குக் கொடுத்தான். நீங்கள் திருவிழாவுக்கும் வாணத்துக்கும் செலவு செய்யக்கூடாது என்று நாம் சொன்னால் கோபித்துக் கொள்வீர்கள். அதனால் அதைச் சொல்லவில்லை. அந்தச் செலவில் இருபதில் ஒரு பங்கை மாத்திரம் எடுத்து, மாலையில் ஒரு கணக்கு வகுப்பு, நாலு பழைய கம்ப்யூட்டர், ஒரு வாசகசாலை என்று வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து மந்திரம் போட்ட பங்கு என்ன கொடுத்தது, பள்ளிக்குப் போட்ட பங்கு என்ன கொடுத்தது என்று இரண்டு பத்தி எழுதி எண்ணிப் பாருங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். எண்ணிப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.